40 ரூபாய் உருளைக்கிழங்குல விவசாயி கைக்கு எவ்வளவு போகுது? அணைக்கட்டுல இருந்து ஒரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க, ஆனா முழுசா படிங்க.

எங்க வீட்ல காலையில அஞ்சு மணிக்கே அடுப்பு எரியும். அக்கா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போறாங்க. கம்பெனி வண்டி வர்றதுக்குள்ள டப்பா ரெடியாகணும். வாரத்துல மூணு நாள் அந்த டப்பாவுல உருளைக்கிழங்கு வறுவல்தான். சீக்கிரம் ஆகும், மதியம் வரைக்கும் கெடாது, பக்கத்துல உக்காந்து சாப்பிடுறவங்களுக்கும் ஒரு கை கொடுக்கலாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர்ல தோல் வேலைக்குப் போற ஆயிரக்கணக்கான பொண்ணுங்க டப்பாவுலயும் இதே கதைதான்னு நினைக்குறேன். அதனால கிழங்கு விலை அஞ்சு ரூபாய் ஏறினா எங்க வீட்ல அன்னைக்கே பேச்சு வந்துடும். ஏறினா திட்டுவோம். இறங்கினா? "பரவால்ல, இந்த வாரம் சல்லிசா இருக்கு"ன்னு ரெண்டு கிலோ சேர்த்து வாங்குவோம். அந்த சல்லிசு யாரோட தலையில விழுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. நானும் யோசிச்சதில்ல, ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பாக்குற வரைக்கும். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கணக்கு. 2024 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, இந்த மூணோட விலை ஏன் இப்படி ஏறி ஏறி இறங்குதுன்னு பாத்த கட்டுரை. அதுல ஒரு விஷயம் இருக்கு. நீங்க கடையில கொடுக்குற ஒரு ரூபாயில விவசாயிக்குப் போறது தக்காளியில 33 காசு, வெங்காயத்துல 36 காசு, உருளைக்கிழங்குல 37 காசு. மீதி எல்லாம் வழியில இருக்குறவங்களுக்கு.

இதை எதிர்க்கட்சிக்காரன் சொல்லல, விவசாய சங்கம் சொல்லல. ரிசர்வ் வங்கி ஆய்வு சொல்லுது.

கிலோ 40 ரூபாய்னு வச்சுக்குங்க. விவசாயி பங்கு 14 ரூபாய் 80 காசு. "சரி, 14 ரூபாய் வருதே, அதுல லாபம் இருக்குமே"ன்னு தோணும். இருங்க.

உருளைக்கிழங்குக்கு விதைன்னு தனியா ஒண்ணு கிடையாது. கிழங்குதான் விதை. நெல்லுக்கு ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை இருந்தா நாத்து விட்டுடலாம். மலைப்பகுதி உருளைக்கிழங்குக்கு நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு ஹெக்டேருக்கு 3,000 கிலோவுக்கு மேல. ஏக்கர் கணக்குல போட்டா 1,200 கிலோவுக்குக் குறையாது. ஒரு டன்னுக்கு மேல கிழங்கை வாங்கி மண்ணுக்குள்ள போடணும். நாலு மாசம் கழிச்சு நல்லா விளைஞ்சா ஹெக்டேருக்கு 15 முதல் 20 டன் வரும். அதாவது ஒரு மூட்டை புதைச்சா அஞ்சு, அஞ்சரை மூட்டை. அவ்வளவுதான்.

இப்ப மறுபடி அந்த 14.80-க்கு வாங்க. விதைக்கிழங்கும் கிலோ 40 ரூபாய்னே வச்சுக்குவோம். ஒரு கிலோ விதை அஞ்சு கிலோ ஆகுதுன்னா, அறுவடை பண்ற ஒவ்வொரு கிலோ மேலயும் விதைச் செலவே 8 ரூபாய் உக்காந்திருக்கு. மிச்சம் 6 ரூபாய் 80 காசு. அதுக்குள்ள உழவு, உரம், மருந்து, மண் அணைக்குற கூலி, தோண்டுற கூலி, சாக்கு, லாரி, இறக்குக் கூலி, வாங்கின கடனுக்கு வட்டி. அவர் வீட்டுச் சோறும் அதுக்குள்ளதான்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். இந்தக் கணக்கைப் போட காலேஜ் தேவையில்ல. அஞ்சாங்கிளாஸ் போதும்.

சரி, இந்தக் கிழங்கு எங்க இருந்து வருது? அணைக்கட்டுல ஏன் விளையல?

நம்ம ஊர்ல நெல் போடுறோம், கரும்பு, வாழை, தென்னை, கத்திரி எல்லாம் போடுறோம். உருளைக்கிழங்கு போட மாட்டோம். காரணம் சூடு. செடி வளரும், இலை விடும், ஆனா மண்ணுக்குள்ள கிழங்கு பிடிக்க ராத்திரி 20 டிகிரிக்குக் கீழ குளிரணும். 30 டிகிரி தாண்டினா கிழங்கு வைக்குறதே நின்னு போகும். வேலூர் வெயிலைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா! அதனால தமிழ்நாட்டுல இது குளிர்ச்சியான இடத்துப் பயிர். நீலகிரி, கொடைக்கானல் மேல்மலை, தாளவாடி, ஓசூர் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை. இதெல்லாம் சேர்ந்தாலும் நமக்குப் பத்தாது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டுல இறங்குற மூட்டைகளைப் பாருங்க. ஒண்ணு பக்கத்துல கோலார்ல இருந்து வரும். இல்லன்னா மூட்டை மேல இந்தியில எழுதியிருக்கும், ஆக்ரா சரக்கு.

இந்தியா உலகத்துலயே ரெண்டாவது பெரிய உருளைக்கிழங்கு நாடு, சீனாவுக்கு அடுத்து. வருஷத்துக்கு ஏறக்குறைய 600 லட்சம் டன். உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார் மூணும்தான் முன்னாடி நிக்குது. வடக்குல அக்டோபர்ல நட்டு, ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள தோண்டிடுவாங்க. நாட்டோட விளைச்சல்ல பெரும்பகுதி அந்த ரெண்டு மூணு மாசத்துல மொத்தமா மண்ணை விட்டு மேல வருது. ஆனா நீங்களும் நானும் வருஷம் பூரா சாப்பிடுறோம். நடுவுல இருக்குறது கோல்ட் ஸ்டோரேஜ். இந்தியாவுல இருக்குற குளிர்பதனக் கிடங்கோட கொள்ளளவுல பெரும்பகுதி உருளைக்கிழங்குக்காகவே கட்டினது. ஆக்ரா பக்கம் ரோட்டோரத்துல ஒண்ணு விட்டு ஒண்ணு நிக்கும்.

(இங்க ஒரு சின்ன விஷயம், சமைக்குறவங்களுக்கு. "இந்தக் கிழங்கு இனிக்குது, வறுத்தா கருத்துப் போகுது"ன்னு அம்மா புலம்புறதைக் கேட்டிருப்பீங்க. அது கடைக்காரர் ஏமாத்துனது இல்ல. 2, 4 டிகிரியில மாசக்கணக்கா வச்சா கிழங்குல இருக்குற மாவு கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில கருகுது. அதனாலதான் சிப்ஸ் கம்பெனிக்காரங்க தங்களோட கிழங்கை 10, 12 டிகிரியில வைக்குறாங்க. ரெஃப்ரிஜரேஷன் பேப்பர்ல அரியர் வச்சவன் நான், இது மட்டும் மறக்கல.)

ஆக, உருளைக்கிழங்கு காத்திருக்கும். தக்காளி மாதிரி மூணு நாள்ல அழுகாது. காத்திருக்கத் தெரிஞ்ச பொருளுக்கு விலை கிடைக்கும்னுதான நாம நினைப்போம்? தோல் தொழில்ல இருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். பச்சைத் தோலை அப்படியே விட்டா ஒரு நாள் தாங்காது. உப்பு போட்டா வாரக்கணக்குல நிக்கும். பதனிட்டா வருஷக்கணக்குல நிக்கும். எவன் கையில வந்து அந்தப் பொருள் நிக்க ஆரம்பிக்குதோ அவன் கையிலதான் காசும் நிக்குது. உரிச்சுக் கொடுத்தவருக்கு அன்னைக்கு என்ன கொடுக்குறாங்களோ அதுதான்.

அரசியல்வாதிங்க மேடையில என்ன சொல்றோம்? "கோல்ட் ஸ்டோரேஜ் கட்டுவோம், விவசாயி பிரச்சினை தீரும்." சொல்றோம்னுதான் எழுதினேன். நம்ம ஆளுங்களும் சொல்லியிருக்காங்க, நானே போஸ்டர் டிசைன் பண்ணியிருக்கேன். இப்ப அது பாதி உண்மைதான்னு சொல்றேன். ஏன்னா, கோல்ட் ஸ்டோரேஜ் நிறைஞ்ச ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

2017-ல வடக்குல விளைச்சல் அமோகம். நோட்டு செல்லாதுன்னு அறிவிச்ச சில மாசம்தான் ஆகியிருந்தது, மண்டியில கையில காசு புரளல. விலை விழுந்துச்சு. உ.பி. அரசு குவிண்டாலுக்கு 487 ரூபாய் கொடுத்து 1 லட்சம் டன் வாங்குறோம்னு அறிவிச்சாங்க. அந்த மாநிலத்து விளைச்சல் 150 லட்சம் டன்னுக்கு மேல! நூறு மூட்டையில ஒரு மூட்டைக்குக் கூட வராது. விவசாயிங்க விலை ஏறும்னு நம்பி ஸ்டோரேஜ்ல வச்சாங்க. மாசம் போச்சு, விலை ஏறல. வருஷக் கடைசியில கிடங்கைக் காலி பண்ணணும், அடுத்த விளைச்சல் வந்துடும். வெளிய எடுக்கணும்னா வாடகை கட்டணும். கிழங்கு விலையை விட வாடகை அதிகம். அதனால நிறைய பேர் எடுக்கவே போகல, அப்படியே விட்டுட்டாங்க. 2018 ஜனவரி 6-ம் தேதி காலையில லக்னோவுல சட்டமன்றத்துக்கு முன்னாடி, முதலமைச்சர் வீட்டுக்கு முன்னாடி ரோடெல்லாம் உருளைக்கிழங்கு கொட்டிக் கிடந்தது. லாரி டயர்ல நசுங்கிக் கிடந்த அந்தக் கிழங்கு போட்டோவை டிவியில பாத்திருப்பீங்க.

அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு, 2019 ஜனவரி. ஆக்ரா பக்கம் ஒரு விவசாயி 19 டன் கிழங்கு வித்தார். செலவெல்லாம் போக கையில நின்னது 490 ரூபாய். 19 டன்னுக்கு! அந்த 490 ரூபாயைப் பிரதமருக்கு மணியார்டர் பண்ணிட்டார்.

இவங்ககிட்ட கிடங்கு இல்லையா? இருந்துச்சு. இந்தியாவுலயே அதிகமா இருந்துச்சு. காத்திருந்தாங்க, காத்திருந்து தோத்தாங்க. கீழ ஒரு தளம் இல்லாம மேல எத்தனை மாடி கட்டினாலும் இப்படித்தான். கிடங்கு நஷ்டத்தைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். இந்த விலைக்குக் கீழ போகாதுன்னு ஒரு கோடு வேணும். அது நெல்லுக்கு இருக்கு, கரும்புக்கு இருக்கு. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்குற 22 பயிர்ல உருளைக்கிழங்கு இல்ல. எந்தக் காய்கறியும் இல்ல.

இப்ப நான் சொன்ன அந்த வீட்டுக்கு வர்றேன்.

காலேஜ்ல என் ரூம்மேட் நீலகிரிக்காரன். கேத்தி பள்ளத்தாக்கு பக்கம் சின்ன ஊர். அவங்க அப்பாவுக்கு ரெண்டு ஏக்கருக்குள்ள நிலம், படி படியா வெட்டினது. ஒரு பக்கம் கேரட், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. படிப்பு முடிஞ்ச வருஷம் ஒரு வாரம் அங்க தங்கினேன். அங்க வருஷத்துக்கு மூணு போகம். கார்போகம், கடைபோகம், நீர்போகம். நான் போனது கார்போகம் தோண்டுற நேரம், மழை விட்டு விட்டு அடிச்சுக்கிட்டிருந்தது. அப்பா (நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்) காலையில எழுந்ததும் டீ குடிக்கல, வானத்தைப் பாக்கல, நேரா போய் இலையைத் திருப்பிப் பாத்தார். அடிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்கா, ஓரம் கருகியிருக்கான்னு. பின்கருகல் நோய். 1845-ல இருந்து அயர்லாந்துல பத்து லட்சம் பேர் பட்டினியில சாகக் காரணமா இருந்தது இதே நோய்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தா ஒரு வாரத்துல வயல் கருத்துடும். அதனால மருந்து அடிச்சுக்கிட்டே இருக்கணும், மழை வந்து கழுவும், மறுபடி அடிக்கணும்.

மண்ணுக்குள்ள இன்னொண்ணு. நூற்புழு. 1961-ல ஊட்டியிலதான் இந்தியாவுல முதல் தடவையா இதைக் கண்டுபிடிச்சாங்க. வேர்ல கடுகை விடச் சின்னதா மஞ்சள் உருண்டை ஒட்டிக்கிட்டிருக்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் நூத்துக்கணக்குல முட்டை. நீங்க உருளைக்கிழங்கே போடாம விட்டாலும் அது இருபது வருஷம் மண்ணுல உயிரோட தூங்கும். இந்தப் புழு வெளிய பரவக் கூடாதுன்னு நீலகிரியில இருந்து விதைக்கிழங்கு வெளிய போகத் தடை போட்டாங்க. நாட்டு நன்மைக்கு அது சரிதான், நான் குறை சொல்லல. ஆனா விதைக்கிழங்கு விக்குறதுதான் நல்ல காசு. அந்தக் கதவு அவங்களுக்கு மூடினது மூடினதுதான். முத்தோரையில 1957-ல இருந்து மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, புழுவைத் தாங்குற குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி ரகமெல்லாம் கொடுத்தாங்க. (எல்லா ரகத்துக்கும் முன்னாடி 'குஃப்ரி'ன்னு வருதேன்னு கேட்டேன். சிம்லா பக்கம் ஒரு ஊர் பேராம். ஊட்டி மண்ணுல விளையுற கிழங்குக்கு இமாச்சல் இன்ஷியல்!) அப்பா சொன்னார், ரகம் இருக்கு, நேரத்துக்கு விதை கிடைக்குறதுதான் கஷ்டம்னு.

தோண்டி முடிச்சு, மூட்டை கட்டி, ராத்திரி லாரியில மேட்டுப்பாளையம் இறங்கினோம். நீலகிரி உருளைக்கிழங்குன்னா மேட்டுப்பாளையம் மண்டிதான். 45 கிலோ மூட்டை. கொட்டி, பெருசு, நடுத்தரம், பொடின்னு தரம் பிரிச்சு, ஏலம். ஊட்டிக் கிழங்குக்கு மத்த ஊர்க் கிழங்கை விட எப்பவும் விலை கூட. செம்மண் ஒட்டின கிழங்கு, ருசியே வேற, கேரளாக்காரங்க தேடி வாங்குவாங்க. ஆனா அந்தக் கூடுதல் விலையும் தனியா நிக்கல. கோலார்ல எத்தனை லாரி கிளம்புச்சு, குஜராத் சரக்கு வந்துச்சா, ஆக்ராவுல ஸ்டோரேஜ் திறந்தாச்சா, இதை வச்சுத்தான் அன்னைக்கு மேட்டுப்பாளையத்துல ஏலம் எங்க ஆரம்பிக்கணும்னு முடிவாகுது. அப்பா நாலு மாசமா பாத்துக்கிட்டிருந்தது தன் வயல் இலையை. விலையை முடிவு பண்ணது அவர் வாழ்க்கையில பாக்காத ஊர்.

ஏலம் ரெண்டு நிமிஷம்கூட ஆகல. சீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். "என்னப்பா விலை?"ன்னு கேட்டேன். "விதைக்கு வந்துடுச்சு"ன்னார்.

அதுக்கு மேல பேசல. ஹோட்டல்ல இட்லி வாங்கிக் கொடுத்தார். பஸ்ல மேல ஏறும்போது தூங்கிட்டார்.

அந்த வார்த்தை என்னை விடல நண்பர்களே. விதைக்கு வந்துடுச்சுன்னா என்ன அர்த்தம்? அடுத்த போகம் மறுபடி புதைக்கலாம். நாலு மாச உழைப்புக்குக் கிடைச்சது, இன்னொரு நாலு மாசம் உழைக்குற உரிமை. நஷ்டம்னு அவர் சொல்லவே இல்ல. அதை நல்ல வருஷம்னு கணக்குல வச்சிருக்கார்.

அந்த வாரம் வேலூர்ல கிழங்கு சல்லிசு. அம்மா போன்ல சந்தோஷமா சொன்னாங்க.

இன்னொரு பக்கத்தையும் பாக்கணும். கடையில விலை ஏறினா அரசாங்கம் எவ்வளவு வேகமா ஓடுது தெரியுமா? 2024-ல மேற்கு வங்காளத்துல சில்லறை விலை ஏறுச்சு. உடனே வெளி மாநிலத்துக்குக் கிழங்கு போகக் கூடாதுன்னு எல்லையில லாரியை நிறுத்திட்டாங்க. வியாபாரிங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஒடிசாவுல கிழங்கு இல்லாம அல்லாடினாங்க. விலை ஏறுச்சுன்னா லாரியை நிறுத்த ஒரு உத்தரவு போதும். விலை விழுந்துச்சுன்னா? "ஆய்வு செய்து வருகிறோம்." 2018 பட்ஜெட்டுல தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 'ஆபரேஷன் கிரீன்ஸ்'னு 500 கோடி அறிவிச்சாங்க. அந்த மூணு பயிருக்கும் விவசாயி பங்கு எவ்வளவுன்னு 2024 ரிசர்வ் வங்கிக் கட்டுரையில மேலயே பாத்தோம்.

வாங்குறவங்க பக்கம் ஓட்டு அதிகம், விளைவிக்குறவங்க பக்கம் கம்மி. கட்சிப் பக்கத்துல இதை எழுதக் கூடாதுன்னு யாராவது சொல்லலாம். எழுதிட்டேன்.

சரி, உருளைக்கிழங்கே விளையாத அணைக்கட்டுக்கு இதனால என்னன்னு கேப்பீங்க.

இலவம்பாடி நம்ம அணைக்கட்டு தாலுகாதான். முள் கத்திரிக்காய். 2023 பிப்ரவரியில 'வேலூர் முள் கத்திரிக்காய்'க்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ நம்ம பக்கத்துலயும் போஸ்டர் போட்டோம், எல்லாரும் ஷேர் பண்ணீங்க. காம்புல முள்ளு, உள்ள சதை வெண்ணெய் மாதிரி. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்குற கத்திரிக்காய் பச்சடிக்கு இதை விட்டா வேற எது? எங்க அப்பாவும் அரை ஏக்கர்ல அதைத்தான் போடுறார். பறிக்குற அன்னைக்குக் கை பூரா முள்ளு கிழிச்சிருக்கும். பறிச்ச காய் ரெண்டு நாள் தாண்டினா வாடிப் போகும். விடியறதுக்குள்ள மண்டியில இருக்கணும். அங்க என்ன சொல்றாங்களோ அதுதான் விலை. வரத்து அதிகம்னா ஆட்டோ வாடகை கூட வராது. போன வருஷம் ஒரு நாள் மூணு மூட்டையைத் திருப்பி எடுத்துட்டு வந்து மாட்டுக்குப் போட்டார். புவிசார் குறியீடு சர்டிபிகேட்டு மாட்டுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குத் தின்னுச்சு.

இப்ப சேர்த்துப் பாருங்க. எட்டு மாசம் காத்திருக்கத் தெரிஞ்ச உருளைக்கிழங்குக்கே, நாடு பூரா கிடங்கு கட்டி வச்ச உருளைக்கிழங்குக்கே இந்தக் கதின்னா, ரெண்டு நாள் தாங்காத நம்ம கத்திரிக்காய்க்கு என்ன கதி? அதனாலதான் உருளைக்கிழங்கை எடுத்தேன். "ஸ்டோரேஜ் வந்தா சரியாயிடும், பிராண்ட் வந்தா சரியாயிடும், குறியீடு வந்தா சரியாயிடும்"னு நமக்கு ஒவ்வொண்ணா காட்டுறாங்க. ஒவ்வொண்ணும் நல்லதுதான். ஆனா அடிப்படை விலைன்னு ஒண்ணு இல்லாம இதுல எதுவும் நிக்காது.

இது நடக்காத கனவா? இல்ல. பக்கத்து மாநிலத்துல நடந்திருக்கு.

2020 நவம்பர் 1-ல இருந்து கேரளாவுல 16 பயிருக்கு அடிப்படை விலை. மரவள்ளி, நேந்திரம், தக்காளி, வெண்டை, பீன்ஸ், கேரட், பூண்டு வரைக்கும். உற்பத்திச் செலவுக்கு மேல 20 சதவீதம் வச்சு விலை நிர்ணயம் பண்ணாங்க. உருளைக்கிழங்குக்கு அப்ப அறிவிச்சது கிலோவுக்கு 20 ரூபாய். சந்தை விலை அதுக்குக் கீழ போனா அரசு தலையிடும்.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. அதே மலையோட அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் வட்டவடை. ஒரே குளிர், ஒரே மழை, ஒரே உருளைக்கிழங்கு, ஒரே பூண்டு. வட்டவடையில விவசாயம் பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ் பேசுறவங்க. நடுவுல ஒரு மாநிலக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிழங்குக்கு அடிப்படை விலை உண்டு. இந்தப் பக்கம் இல்ல.

கேரளாவுல எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நான் சொல்ல வரல. பதிவு பண்ணவங்களுக்குத்தான் கிடைக்கும், காயைக் கொடுத்துட்டு பணத்துக்கு மாசக்கணக்குல அலையுறோம்னு வட்டவடை விவசாயிங்களே புகார் சொல்லியிருக்காங்க. பணம் லேட்டா வருதுன்னு சண்டை போடவாவது அவங்க கையில ஒரு நம்பர் இருக்கு. "அரசு அறிவிச்சது 20, எனக்கு வந்தது இவ்வளவு"ன்னு கேக்கலாம். மேட்டுப்பாளையத்துல சீட்டை மடிச்சு வச்சுக்கிட்ட அப்பா யார்கிட்ட போய் என்ன கேப்பார்? அவருக்குக் கணக்கே இல்லையே.

மத்திய அரசோட சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒண்ணும் இருக்கு. ஆதரவு விலை இல்லாத பயிர் விலை வழக்கத்தை விட 10 சதவீதம் விழுந்தா, மாநில அரசு கேட்டா, ரெண்டு பேரும் செலவைப் பகிர்ந்துக்கிட்டு வாங்கலாம். 2025-ல இதுல சில மாத்தம் கொண்டு வந்தாங்க. பொருளை வாங்காமலே, விலை வித்தியாசத்தை விவசாயி கணக்குல போடலாம்னு வழி வச்சிருக்காங்க. அழுகுற காய்க்கு இது முக்கியம். கத்திரிக்காயை வாங்கி அரசு எங்க வைக்கும்? வித்தியாசத்தைக் கொடுத்துடலாம். ஆனா மாநிலம் கேக்கணும். கேக்கணும்னா 'வழக்கமான விலை' எவ்வளவுன்னு பதிவு வேணும். நம்ம பக்கம் மண்டியில நடக்குற பாதி வியாபாரம் துண்டுச் சீட்டுலதான் நடக்குது. எங்க அப்பா பத்து வருஷமா கத்திரிக்காய் விக்குறார், அரசாங்கக் கணக்குல அதுல எத்தனை மூட்டை இருக்குன்னு எனக்கு சந்தேகம்தான்.

"பயிர்க் காப்பீடு இருக்கே"ன்னு சிலர் சொல்லுவாங்க. அது விளைச்சல் போனா. இங்க நடக்குறது விளைஞ்சதால வர்ற நஷ்டம். நல்லா விளைய வச்சதுக்குத் தண்டனை.

"அடிப்படை விலை கொடுத்தா கடையில விலை ஏறிடும், உங்க அக்காதான் கஷ்டப்படுவாங்க"ன்னு இன்னொரு வாதம் வரும். இதை நான் அக்காகிட்டயே கேட்டேன். 40 ரூபாய்ல விவசாயிக்கு 15 ரூபாய் கூட வரலன்னு சொன்னதும் அவங்க கேட்ட கேள்வி: "அப்போ மீதி 25 ரூபாய் எங்கடா போகுது?" அதுதான் கேள்வி. லாரி டீசல், டோல், கூலி, அழுகிப் போறது, இதெல்லாம் நியாயமான செலவு, வியாபாரி எல்லாரும் திருடன்னு நான் எழுத மாட்டேன். நேதாஜி மார்க்கெட்டுல விடியக்காலையில மூட்டை தூக்குறவரும் நம்ம ஆளுதான். ஆனா அந்த 25 ரூபாய்க்கு யாரும் கணக்குக் கேக்குறதில்ல. விவசாயியோட 15 ரூபாயில ரெண்டு ரூபாய் சேர்க்கலாமான்னு கேட்டா மட்டும் பணவீக்கம் வந்துடும்ங்குறாங்க.

நாம கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல காய்கறிக்கு அடிப்படை விலை. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வேண்டாம், உருளைக்கிழங்கு, தக்காளி, சின்ன வெங்காயம், கத்திரின்னு நாலுல ஆரம்பிங்க. நடவுக்கு முன்னாடி அறிவிங்க, அறுவடைக்கு அப்புறம் இல்ல. நெல், நிலக்கடலைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல பொருளை வச்சுக் கடன் வாங்குற மாதிரி, மலைக் கிழங்குக்கும் கிடங்குல வச்சுக் கடன் கிடைக்கட்டும். அப்புறம், எந்த மண்டியா இருந்தாலும் எடை, விலை, கமிஷன் மூணும் போட்ட ரசீது கட்டாயம். இந்தக் கடைசி ஒண்ணுக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

வேலூர் கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் விவசாயிகள் குறைதீர்வு கூட்டம் நடக்குது. அடுத்த கூட்டத்துக்கு இலவம்பாடி, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்துக் கத்திரி விவசாயிங்களோட மனு எடுத்துட்டுப் போறோம். வெறும் மனு வேண்டாம், கணக்கோட போகணும்னு நினைக்குறோம். உங்க வீட்ல பழைய மண்டிச் சீட்டு இருந்தா, சட்டைப் பையில மடிச்சு வச்சதா இருந்தாலும் சரி, கசங்கினதா இருந்தாலும் சரி, ஒரு போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க. பேர், போன் நம்பர் எல்லாம் மறைச்சுட்டு தேதி, எடை, விலை மட்டும் எடுத்துக்குறோம். எங்க அப்பாகிட்ட பதினோரு சீட்டு கிடைச்சிருக்கு. அந்த மூணு மூட்டைக்கு மட்டும் சீட்டு இல்ல.